குக்கர் வெயிட்

நாளுக்கு அறுநூறு ரூபாய் எனக்கு.
மால்டாவிலிருந்து ஒரு சிறுநீரகம்,
அகர்தலாவிலிருந்து ஒரு இதய வால்வு
லாட்ஜ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே
நான் நிற்பேன்.
வீட்டில் உருது, தெருவில் தமிழ்,
ஸ்கேன் அறை வாசலில் வங்காளம், இந்தி.
டாக்டர் 'பார்க்கலாம்' என்றால்
'பார்க்கலாம்' என்றே சொல்வேன்.
'சரியாயிடும்' என்று நாக்கு துடிக்கும்.
இருபத்திரண்டு வருஷத்தில் சொன்னதில்லை.

அன்றைக்குத் தவறினேன்.

கோட்டை அகழிக்கு எதிரே பந்தல். மே மாதம்.
வேலூர் வெயிலை வெளியூர்க்காரனுக்குத்தான்
விளக்க வேண்டும்.
தோழர் குணசீலன் மைக்கைத் தட்டினார்:
விதோலி பேசுவார், இம்தியாஸ் பாய் தமிழில் சொல்வார்.

விதோலி, டயாலிசிஸ் வார்டு நர்ஸ்.
நாகாலாந்து.
அகுனி போட்டுக் குழம்பு வைத்தாள்.
வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு
சொல்லக்கூடாத பெயர் ஒன்றைச் சொன்னார்.
வேலப்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்
அவள் பாத்திரங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தன.

இந்தியில் அவள் சொன்னது இவ்வளவுதான்:
அட்வான்ஸ் பதினெட்டாயிரம். தரவில்லை.
குக்கரின் வெயிட்டும் உள்ளேயே இருக்கிறது.
ரெண்டும் வேண்டும்.

தமிழில் நான் சொன்னது பதினோரு நிமிஷம்.
மலைகளைச் சொன்னேன்
(அவள் ஊர் திமாப்பூர், சமவெளி).
கண்ணீரைச் சொன்னேன்
(துப்பட்டாவால் அவள் துடைத்தது வேர்வை).
ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றேன்.
கைதட்டல் அகழித் தண்ணீரைத் தொட்டுத் திரும்பியது.
குக்கர் வெயிட்டை விட்டுவிட்டேன்.
அவ்வளவு பெரிய பேச்சில்
அதை எங்கே வைப்பது?

டீக்கடையில்தான் சண்டை.

எதுக்குக் கைதட்டினாங்க, என்றாள் விதோலி,
நான் பணம்தானே கேட்டேன்.

உணர்வு போய்ச் சேர்ந்ததும்மா, என்றார் குணசீலன்.
நாங்க பேசலேன்னா யாரு கேப்பாங்க?

அவள் அறைத்தோழி கிவிலி அவர் பக்கம் சாய்ந்தாள்:
அவர்களே பேசட்டும்.
நான் வாய் திறந்தால் மாசம் முழுக்க நைட் டூட்டி.

உனக்கு வசதி, என்றாள் விதோலி.
நான் அழுததாகத்தானே இனிமேல் வார்டில் பேசுவார்கள்.
டீயைக் குடிக்காமல் வைத்தாள்.

வார்டு துடைக்கும் பூங்காவனம் அக்கா
அதுவரை சும்மா இருந்தது.
"எங்க தெருவுக்கு எத்தினி பேரு வந்து பேசினாங்க!
வாயில்லா சனங்கன்னாரு ஒருத்தரு.
எதிர்லயே வெத்தல மென்னுகினு நிக்கறேன் நானு."
குணசீலன் டம்ளரைப் பார்த்தார்.
"யாருமே வராத வருசத்தையும் பாத்துட்டேன் தோழரே,
அது இன்னும் மோசம்."
இது யாருக்குச் சாதகம் என்று
யாருக்கும் தெரியவில்லை.
அக்கா டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனது.

எங்களைப் பற்றியும் மேடையில் பேசுவார்கள்.
பிரியாணியில் தொடங்கிப் பிரியாணியில் முடிப்பார்கள்.
நானும் மனைவியும் சமையலறையில்
அதைப் பேசிக்காட்டிச் சிரிப்போம்.
அன்றிரவு அவள் கேட்டாள்,
கூட்டம் எப்படி?
கூட்டம் நிறைய, என்றேன்.

மறுநாள் வேலப்பாடிக்கு விதோலி என்னைக் கூப்பிட்டாள்.
ஒரு நிபந்தனை: பேசக் கூடாது.
ஆறாவது படியில் நின்றேன்.
எனக்கு மேலே அவள், அவளுக்கு மேலே கதவு.

"அட்வான்ஸ் குடு. பதினெட்டாயிரம்.
குக்கர் வெயிட் குடு."

வீட்டுக்காரர் அவள் தலைக்கு மேலாக
என்னைப் பார்த்தார்:
"இன்னா பாய் சொல்லுது இது?"

அவள் சொன்னது தமிழ்.
அதைச் சொல்லவும் எனக்கு அனுமதி இல்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து
நான் அவர் பக்கம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ,
சிரித்தார்.

விதோலி மறுபடி சொன்னாள்.
மூன்றாம் முறை, இன்னும் மெதுவாக,
மருந்து விழுங்க மறுக்கும் நோயாளியிடம் சொல்வதைப் போல.

உள்ளே போனவர் வெயிட்டோடு வந்தார்.
எச்சில் இலையைப் பிடிப்பதைப் போல
இரண்டு விரலில் பிடித்திருந்தார்.
பணம் வெள்ளிக்கிழமை, என்றார்
என்னிடம்.